இடது கண்ணில் வந்த வெளிச்சம்

எனக்குக் கோபம் அதிகம். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பாடாங் மேஹா பக்கம் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் தலைவர். பெயர் தர்மலிங்கம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்று, பாக்கார் ஆராங்கில் மகன் வாங்கிய வீட்டில் இருக்கிறேன். ஆனால் சித்திரைத் திருவிழாவின் எட்டு நாளும் கோயில் மண்டபத்தில்தான் படுக்கை. மண்டபத்தில் என் செருமல் கேட்டாலே பாதிப் பேர் வேட்டியைச் சரி செய்துகொள்வார்கள்.

காப்பு விஷயத்தில் நான் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், மஞ்சள் நீராட்டு முடிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்பது வாய்க்காலுக்கு மேலே கிடக்கும் சிமெண்டுப் பாலம். திருவிழா நாளில் அங்கே வேப்பிலைத் தோரணம் தொங்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜெயகுமார் என்ற பையன், பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு வந்தான். அவனை மைக் முன்னால் நிறுத்தி, ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் தாண்டவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்கள் கரகக்காரன் காளிமுத்து. ஐம்பத்தொரு வயது. கூலிம் ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. அவன் மூக்குக் கண்ணாடியை நாம் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். கரகம் எடுக்கும்போது மட்டும் அதைக் கழற்றி மனைவி உமையாள் கையில் கொடுத்துவிடுவான். பதினேழு வருடமாகக் கரகம் அவன் தலையில்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியதில்லை. ஆனால் ஒரு முறைகூட அவனுக்கு அருள் வந்ததில்லை. பக்கத்தில் நிற்கிற பெண்களுக்கு வரும், உறுமிமேளக்காரனுக்கு வரும், வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் வரும். இவன் மட்டும் சுயநினைவோடு, கால் கணக்குத் தவறாமல் ஆடி முடிப்பான். "அம்மா எங்கிட்ட மட்டும் வரமாட்டேங்கிறாண்ணே" என்று ஒருநாள் சொன்னான். சும்மா சொன்ன மாதிரிதான் சொன்னான். அது அவனுக்குள் எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரியும்.

என் கண் கதையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் புரியாது. எனக்கு இரண்டு கண்ணும் மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின. எதிரே வரும் லோரியின் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். பேப்பரை வெயிலில் பிடித்தால்தான் எழுத்துத் தெரியும். ஆஸ்பத்திரியில் புரை என்றார்கள். ஆபரேஷன் செய்த மறுநாள்தான் எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை என்று கண்டுபிடித்தேன். அதுவரை மஞ்சள் என்று சாதித்து மனைவியோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அங்கே ஒரு மலாய்த் தாதி என்னிடம் வரிசையாகக் கேட்டாள். மெதுவாக மங்கியதா, திடீரென்றா? கண்ணில் மின்னல் மாதிரி வெளிச்சம் அடிக்கிறதா? கரும்புள்ளிகள் பறக்கின்றனவா? ஓரத்திலிருந்து திரை மூடுகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். திரை மூட இது என்ன நாடகக் கொட்டகையா என்று வேறு கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, ஏன் கேட்கிறேன் தெரியுமா என்று ஆரம்பித்தாள். எனக்குப் பசி. பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து கண் என்றால் ஊரில் என்னைத்தான் கேட்பார்கள். நானும் வைத்தியர் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடத் திருவிழாவில் ஞாயிறு மாலை காப்பு கட்டினோம். செவ்வாய் மாலை கரகம் லயத்து வீடுகளைச் சுற்றி வந்து இறங்கியது. விளக்கு வைக்கும் நேரம். காளிமுத்து கரகத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, யாருகிட்டயும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். அம்மா தெரியிறாண்ணே. இடது கண்ணு ஓரத்துல வெளிச்சமா வந்து வந்து போறா. கண்ண மூடினாலும் தெரியுது."

பதினேழு வருடம் காத்திருந்தவன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. நேராகப் போய் மைக்கை எடுத்தேன். நம் கரகக்காரனுக்கு ஆத்தா ஒளியாகக் காட்சி கொடுத்திருக்கிறாள் என்று அறிவித்தேன். உறுமி அதிர்ந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். வயதில் மூத்தவர்கள்கூட வந்து அவன் காலைத் தொட்டார்கள். அவன் கூச்சத்தில் நெளிந்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை அவன் வேறு மாதிரி வந்தான். இடது கண்ணுக்குள் கொசுக் கூட்டம் பறக்கிற மாதிரி இருக்கிறது, புகை படிந்த மாதிரியும் இருக்கிறது என்றான். நான் அவன் இமையை விரித்துப் பார்த்தேன். என்னத்தைப் பார்த்தேனோ, எனக்கே தெரியாது. புரைதான் என்று தீர்ப்புச் சொன்னேன். எனக்கும் மங்கல்தான் வந்தது, ஒரு ஆபரேஷன், முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை காப்பு அவிழ்த்ததும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், பயப்படாதே என்றேன். அவன் நம்பினான். உமையாள் நம்பவில்லை.

"அண்ணே, உங்களுக்கு மூணு வருஷமா மங்குச்சு. இவருக்கு மூணே நாள்ல வந்திருக்கு. ரெண்டும் எப்படிண்ணே ஒண்ணாகும்?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். கோயில் காரியத்துக்கு நடுவில் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு என்று அவள்மேல் விழுந்தேன். கரகக்காரன் பாலத்தைத் தாண்டினால் திருவிழாவே நின்றுவிடும் என்றேன். ஆத்தா காட்சி கொடுத்த கண்ணுக்கு ஆத்தா கெடுதல் செய்வாளா என்றும் கேட்டேன். அவள் கணவனின் மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை. பசியாறுவதற்கு அவள் தோசை கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தபோது, காளிமுத்து குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தான். வலது கண்ணில் சவர்க்காரம் பட்டு அதை மூடிக்கொண்டான். இடது கண்ணால் மட்டும் மனைவியைப் பார்த்தவன், ஈரத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டான். அவள் என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

அவளுடைய முகவாய் தெரியவில்லை என்றான். கழுத்து இல்லை, தோள் இல்லை. கீழே இருந்து கறுப்பாக ஒரு திரை ஏறி நிற்கிறது என்றான்.

திரை. தாதியின் முகமும், நான் சிரித்த சிரிப்பும், அவள் வரிசையாகக் கேட்ட கேள்விகளும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. வெளிச்சம், புள்ளி, திரை. நான் இல்லை இல்லை என்று சொன்ன அத்தனையும் இவனுக்கு இருந்தன. அத்தனையையும் இவன் என்னிடம்தான் வந்து சொல்லியிருந்தான். கேள்வியே தெரியாதவனாக இருந்திருந்தால் மன்னிக்கலாம். எனக்குக் கேள்வி தெரிந்திருந்தது.

காரை எடுத்தேன். காளிமுத்துவும் உமையாளும் பின்னால் ஏறினார்கள். பாலத்துக்கு வந்ததும் அவன் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். தோரணத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வரமாட்டேன் என்றான். நாளைக்கு ஒருநாள்தானே, அவிழ்த்துவிட்டுப் போகலாம் என்றான். ஜெயகுமாரை மைக்கில் நிறுத்தியதை அவனும் பார்த்தவன்தான். நான் போட்ட சட்டத்தை எனக்கே எடுத்துச் சொன்னான்.

கத்தினால் கேட்கமாட்டான் என்று தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கத்தவும் வரவில்லை. என் கையிலும் காப்பு இருந்தது. நான் இறங்கி, தோரணத்துக்குக் கீழே நடந்து, பாலத்தின் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"காளிமுத்து, தலைவன் தாண்டிட்டேன். குத்தம்னா முதல்ல எனக்குத்தான் வரும். நீ வாப்பா."

பத்தொன்பது வருடத்தில் அவனை நான் 'வாப்பா' என்று கூப்பிட்டதில்லை. அவன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு வந்தான்.

வழியெல்லாம் உமையாள் அவனுடைய வலது கண்ணை உள்ளங்கையால் மூடி, தன் முகத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். பாலத்தில் இருந்தபோது முகத்தில் முகவாய் மட்டும்தான் மறைந்திருந்தது. பாடாங் செராய் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, மூக்குத்தி தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். சுங்கைப் பட்டாணிக்குள் நுழைந்து பாக்கார் ஆராங்கைக் கடக்கும்போது, கண் பாதி தெரிகிறது என்றான். அவள் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். தெரிகிறது, தெரிகிறது என்று அவசரமாகச் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் கார் நிறுத்த இடம் தேடி நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்தச் சுற்றில் அவள் மறுபடியும் கேட்டாள்.

"பொட்டும் போச்சு," என்றான்.

உமையாள் அழவில்லை. வலது கண்ணிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவன் தோளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அதைப் பார்த்த நான்தான் அழுதேன்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. சொட்டு மருந்து விட்டு, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். வெளிச்சம் எப்போது ஆரம்பித்தது என்று மலாயில் கேட்டார். காளிமுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. நேற்று என்று சொன்னான்.

என்னைக் காப்பாற்றுகிறான் என்று புரிந்தது. கண் போய்க்கொண்டிருக்கிற நேரத்திலும் என் மரியாதையைப் பார்க்கிறான். இதைவிட என்னை அவன் செருப்பால் அடித்திருக்கலாம்.

"செலாசா," என்றேன் நான். செவ்வாய்க்கிழமை. என்னிடம் அன்றைக்கே சொன்னான், ஞாயிறுவரை பொறு என்று நான்தான் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் முழுவதையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்து காட்டினார். கண்ணுக்குள் பின்பக்கம் சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி ஒரு படலம் இருக்கிறது. கனமான கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது மெலிந்திருக்கும், சிலருக்குக் கிழியும். கிழியும்போது அது இழுபடுவதைத்தான் கண் வெளிச்சமாகக் காட்டுகிறது. அன்றைக்கே வந்திருந்தால் லேசரில் கிழிசலைச் சுற்றி அடைத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இப்போது கிழிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிப் படலம் உரிந்துவிட்டது, நடுப் பார்வை வரைக்கும். வலி இல்லாததால்தான் ஏமாந்துபோகிறார்கள் என்றார். புரை வருடக்கணக்கில் வரும், காத்திருந்தாலும் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். ஆனால் திடீரென்று வருவது எதுவானாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார். வலது கண்ணையும் பார்த்தார். அதிலும் ஒரு இடம் மெலிந்து கிழியத் தயாராக இருந்தது. அதற்கு அன்று மாலையே லேசர் வைத்துவிட்டார்கள். அந்தக் கண் தப்பியது. ஒருநாள் தாமதித்திருந்தால் அதற்கும் யார் உத்தரவாதம்?

இடது கண் ஆபரேஷனுக்கு அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். உடை மாற்றும்போது தாதி காப்புக் கயிற்றைக் காட்டி, கழற்ற வேண்டும் என்றாள். காளிமுத்து என்னைப் பார்த்தான். கத்தரிக்கோலை வாங்கி நானே வெட்டினேன். மனதுக்குள் ஆத்தாவிடம், கணக்கு என்பேரில் வைத்துக்கொள் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது கோயிலில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. காட்சி கொடுத்த ஆத்தா காணிக்கையாகக் கண்ணை எடுத்துக்கொண்டாள் என்றார்கள் சிலர். எல்லையைத் தாண்டியதால் வந்த தண்டனை என்றார்கள் சிலர். இரண்டும் நான் செவ்வாய்க்கிழமை மைக்கில் போட்ட விதை. எடுத்த மைக்கை மறுபடியும் நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது காட்சி இல்லை, கண்ணில் விழுந்த கிழிசல் என்றேன். அவன் சொன்னான், நான் தடுத்தேன் என்றேன். கண்ணில் திடீரென்று வெளிச்சமோ புள்ளியோ திரையோ வந்தால், காப்பு இருந்தாலும் பாலத்தைத் தாண்டுங்கள், என்னைக் கேட்க வேண்டாம் என்றேன். பிறகு ஜெயகுமாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, பரவாயில்லை மாமா என்றான். அன்றைக்குக் கரகத்தை அவன்தான் எடுத்தான். இரண்டு இடத்தில் சிந்தினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் செல்லாயி அக்கா வந்து, தனக்கும் பத்து வருடமாகக் கண்ணில் ஒரே ஒரு கொசு பறக்கிறது என்றார். பத்து வருடத்துக் கொசு ஓடிவிடாது, இருந்தாலும் போய்க் காட்டுங்கள் என்றேன். காட்டினார். வயதுக்கு வருவதுதான், பயமில்லை, புதிதாக எதுவும் வந்தால் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

திங்கட்கிழமை காளிமுத்துவுக்கு ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்திருந்தார்கள். அது படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டுமானால், ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் அப்படித்தான். பதினேழு வருடம் தலை அசையாமல் நிமிர்ந்து நடந்தவன், இரண்டு தலையணைக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக் கட்டிலில் கிடந்தான். நடுப் பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல மாதங்கள் ஆகும் என்றார்கள். வேன் ஓட்ட முடியுமா என்று உமையாள் கேட்டதற்கும் அதே பதில்தான்.

வியாழக்கிழமை தோட்டத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உமையாள் என்னைப் பார்த்து, உள்ளே இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தாள். அதில் உட்கார்ந்தால் அவனுடைய பிடரியோடு பேச வேண்டும். நான் தரையில் மல்லாந்து படுத்து, கட்டில் விளிம்புக்கு வெளியே கவிழ்ந்திருந்த அவன் முகத்துக்குக் கீழே தலையைக் கொண்டுபோனேன். அறுபத்தாறு வயது, முட்டி இரண்டும் முனகின. அவனுடைய நல்ல கண் நேர் மேலே இருந்து என்னைப் பார்த்தது.

"மைக்கில சொல்லிட்டீங்களாம்," என்றான்.

"சொல்லிட்டேன்."

"அப்ப அது அம்மா இல்லியாண்ணே?"

ஆமாம், அம்மாதான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவனுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! ஆனால் இந்த வாயால் ஒருமுறை அப்படிச் சொல்லித்தான் இவன் இங்கே கிடக்கிறான்.

"இல்லப்பா. கண்ணு கிழியறப்ப வர்ற வெளிச்சம் அது."

கவிழ்ந்த முகத்திலிருந்து கண்ணீர் நேராக என் கன்னத்தில் விழுந்தது. நான் துடைக்கவில்லை. என்னைத் திட்டுடா என்றேன். நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

அவன் கையைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டுத் தடவினான். என் மணிக்கட்டு அகப்பட்டது. அதில் காப்பு அப்படியே இருந்தது.

"ஞாயித்துக்கெழமையே அவுத்திருக்கணுமே," என்றான்.

நீ எழுந்து உட்காருகிற வரைக்கும் அவிழ்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன் என்றேன்.

அவன் அந்தக் கயிற்றை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"காப்பு கட்டினவங்க எல்லையத் தாண்டக்கூடாதுண்ணே," என்றான். "நீங்க போட்ட சட்டம்தான். இங்கயே இருங்க."

உமையாளிடம் ஒரு பாய் கேட்டு வாங்கிக்கொண்டேன்.